அப்பாவின் புல்லட்டைத் தினமும் ஓட்டும் வண்டியாக்கிய கதை

பதினொரு வருடம் சென்டர் ஸ்டாண்டிலேயே நின்ற புல்லட் 350 இது. கடைசியாக நிறுத்திய அன்று அப்பா பெட்ரோலைக்கூட வடிக்கவில்லை. கேட்டால், "நாளைக்கு எடுத்துக்கலாம்னு விட்டேன்டா" என்பார். அந்த நாளை வருவதற்குள் டேங்கில் இருந்த பெட்ரோல் பிசினாகிவிட்டது. சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்திக் காலியும் செய்துவிட்டது. கிக்கரில் ஏறி நின்றால் நான்தான் ஆடினேன், கிக்கர் ஆடவில்லை.

இதைக் கண்காட்சிக்கு வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. காலையில் உதைத்தால் வேலைக்குக் கொண்டுபோய் விட வேண்டும், மழை பெய்தாலும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் எந்த வேலையைத் தொட்டாலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டேன்: இதைச் செய்யாவிட்டால் நான் நடுரோட்டில் நிற்பேனா? ஆமாம் என்றால் உடனே செய்தேன். இல்லை என்றால் தள்ளிப்போட்டேன். பெயின்ட் அப்படித் தள்ளிப்போனதுதான், இன்னும் அடிக்கவில்லை.

முதல் நாளே ஒரு போல்ட்டின் தலையைத் தேய்த்து உருட்டிவிட்டேன். கையில் இருந்தது மில்லிமீட்டர் ஸ்பேனர். பழைய புல்லட்டின் நட்டு போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அதிலும் விட்வொர்த் ஒருவகை, சைக்கிள் மரை இன்னொருவகை. 13 நம்பர் ஸ்பேனர் 'ஏறக்குறைய' பொருந்தும். அந்த ஏறக்குறையதான் முனைகளைத் தின்கிறது. வேலையை நிறுத்திவிட்டு அங்குல ஸ்பேனர் செட் வாங்கிய பிறகுதான் மறுபடி தொட்டேன். துருப்பிடித்து இறுகிய போல்ட்டுகளுக்கு வழி எளிது: துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட வேண்டும், ஹீட் கன்னில் சூடாக்க வேண்டும், ஆறவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அவிழ்ப்பதற்கு முன் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்பினால் பிடி விடும். அவசரப்பட்ட இடத்தில் ஒரு போல்ட் உடைந்தது, இன்னொரு இடத்தில் மரையே போனது. அங்கே ஹெலிகாயில் (மரை போன ஓட்டைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச்சுருள்) போட்டுச் சரிசெய்தேன்.

கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் கொட்டவில்லை. அட்டையில் என்ஜின் கவரின் படத்தை வரைந்து, எந்தப் போல்ட் எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்திவைத்தேன். போட்டோவும் எடுத்தேன். ஆனால் திரும்ப மாட்டும்போது கைகொடுத்தது அட்டைதான். போட்டோவில் போல்ட்டின் நீளம் தெரியாது.

பிடித்துக்கொண்ட பிஸ்டன்

ப்ளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசல் ஊற்றினேன். ஐந்து நாள் ஊறவிட்டேன். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தேன். கிக்கரில் ஏறிக் குதிக்கும் ஆசை வரும், அதை மட்டும் செய்யக் கூடாது. கிக்கர் பல் உடைந்தால் கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டிவரும். வண்டியை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டினேன். ஆறாம் நாள் காலை 'கறக்' என்று ஒரு சத்தம். சக்கரம் கால் வட்டம் போனது.

ஹெட்டையும் பேரலையும் கழற்றிப் பார்த்தால், ரிங் நின்ற இடத்தில், பிஸ்டன் ஓடும் குழாயான போரைச் சுற்றி வளையம் போட்டதுபோலத் துரு. விரல் நகத்தை ஓட்டினால் அந்த இடத்தில் தட்டியது. நகம் தட்டினால் போர் தேறாது. இந்த என்ஜினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. போரை அடுத்த ஓவர்சைஸுக்குக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்கும் போட்டேன். கடைவதற்கு முன்பே பிஸ்டனை வாங்கிக் கடைபவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பிஸ்டனை அளந்துதான் போரைக் கடைய வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பிக் கடைந்தால் ஒன்று இறுகும், இல்லையென்றால் தட்டும்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, மேல்கீழாக ஆடினால்தான் பிக் எண்ட் (ராடு கிராங்கில் மாட்டும் இடத்துப் பேரிங்) போய்விட்டது என்று அர்த்தம். ஆகவே கிராங்கைத் தொடவில்லை. "பிரிச்சதுதான் பிரிச்சோம், அதையும் பார்த்துடலாமே" என்று மனசு சொன்னது. வீட்டில் நடக்கும் ரெஸ்டொரேஷன்களில் பாதி நின்றுபோவது அந்த 'அதையும்' ஆரம்பிக்கும் இடத்தில்தான்.

ஆனால் எண்ணெய் போகும் வழியை விடவில்லை. டைமிங் கவரைத் திறந்தால், பழைய ஆயில் அடியில் கருப்பு அல்வாவாகத் தங்கியிருந்தது. இந்த என்ஜினில் ஆயிலை அனுப்ப ஒரு பம்ப், திரும்ப எடுக்க ஒரு பம்ப். ஆயில் இருப்பது கிராங்க்கேஸோடு சேர்ந்த தனி அறையில். அந்த வழிகள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, மறுமுனையில் காற்று வருகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேன். நெடுநாள் நின்ற வண்டியில் இன்னொரு குழப்பமும் உண்டு. பம்பைத் தாண்டி ஆயில் மெதுவாகக் கசிந்து அடியில் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் இல்லை என்று காட்டும். அதை நம்பி ஊற்றினால் நிறைந்து வழியும். சில நிமிடம் ஓடவிட்டு அளப்பதுதான் முறை.

டேங்க்

டேங்கில் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரை நிரப்பி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் உள்ளே சாம்பல் நிறத் தகடு தெரிந்தது. சந்தோஷப்பட்டுக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போய் வருவதற்குள் மறுபடி ஆரஞ்சு நிறம்! அமிலம் பட்ட இரும்பு பத்து நிமிடத்தில் துருப்பிடிக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் முறை சோடா உப்புத் தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரை டேங்க் வாயில் சொருகி உடனே உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டினேன். சீலர் பூசச் சொன்னார்கள், பூசவில்லை. அது பின்னாளில் உரிந்தால் கார்ப்ரேட்டருக்குத்தான் போகும். பெட்ரோல் குழாயில் ஒரு ஃபில்டர் வைத்தேன். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய் ஊறிப் பிளந்துவிடுகிறது. குழாயையும் வாஷர்களையும் புதிதாகப் போட்டேன்.

நிற்பதற்கான வேலை

என்ஜினைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் அதிக நாள் செலவழித்தது பிரேக்கில். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதுவது பலருக்குப் பழக்கம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை அப்படியே கட்டித் தூக்கிப்போட வேண்டும். லைனிங் கண்ணாடிபோலப் பளபளத்தது. புது ஷூ மாட்டியும் முன்பிரேக் 'பிடிப்பதுபோல' இருந்ததே தவிரப் பிடிக்கவில்லை. ஷூவில் சாக்பீஸைத் தேய்த்து, மாட்டி, சக்கரத்தைச் சுற்றி லேசாகப் பிரேக் பிடித்துவிட்டுக் கழற்றினேன். சாக்பீஸ் அழிந்திருந்தது ஒரு முனையில் மட்டும். டிரம்மில் படும் இடத்தை மட்டும் எமரி பேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஏறக்குறைய முழு ஷூவும் படும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். கடைசியில் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே நட்டை முறுக்கினேன். அப்போது பிரேக் பிளேட் டிரம்மின் நடுவில் தானாகப் போய் உட்காரும். இந்த ஒரு வேலையில் பிரேக் பாதி தேறியது. டிஸ்க் பிரேக் போல நிற்காது. முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

டயரில் பட்டன் அப்படியே இருந்தது. ஆனால் டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் ஒன்று அச்சடித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எனக்கு 1409 என்று இருந்தது, அதாவது 2009-ம் வருடம் பதினாலாவது வாரம். நகத்தால் அழுத்தினால் ரப்பர் பிளாஸ்டிக்போல இருந்தது. டயர், ட்யூப், ரிம் டேப் எல்லாம் புதிது. வீல் பேரிங்கும் ஸ்டியரிங் குண்டுகளும் புதிது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மின்சாரம்

ஒயரிங்கைத் தடவிப் பார்த்தபோது உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. மொத்தமாக மாற்றினேன். இந்த வண்டி 6 வோல்ட். ராத்திரியில் எதிரே வருபவருக்கு நான் இருப்பது தெரியும், எனக்கு ரோடு தெரியாது. அதனால் ஸ்டேட்டர், ரெகுலேட்டர், பேட்டரி, காயில், ஹாரன், பல்பு என்று எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினேன். அசல் போய்விட்டது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. அவர்கள் பகலில் ஓட்டுகிறார்கள்.

பாயின்ட்டை (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து ப்ளக்கில் பொறி வரவைக்கும் சின்னச் சுவிட்ச்) மட்டும் மாற்றவில்லை, எலக்ட்ரானிக் இக்னிஷனுக்குப் போகவில்லை. பாயின்ட் சாகும்போது இருமிக்கொண்டே சாகும். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் ரோட்டோரத்திலேயே பிழைக்கவைக்கலாம். இந்த முடிவு பின்னால் என்னை ரொம்பப் படுத்தியது, அதற்கு வருகிறேன்.

டைமிங்கை ஹெட் மாட்டுவதற்கு முன்பே வைத்துக்கொண்டேன். ப்ளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் அதன் வழியே கம்பி விட்டு அளந்தால் சரியாக வராது. பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு முறை. வால்வைத் திறக்கத் தள்ளும் இரண்டு டாப்பெட்டும் கீழே இறங்கியிருக்கும் உச்சிதான் நமக்கு வேண்டியது. அதிலிருந்து 0.8 மி.மீ. பின்வாங்கி, அட்வான்ஸ் (வேகம் கூடும்போது பொறியை முன்தள்ளும் அமைப்பு) முழுக்கத் தளர்ந்த நிலையில், பாயின்ட் அப்போதுதான் திறக்க வேண்டும். நடுவில் ஒரு சிகரெட் பேப்பரை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இருந்தால், அது விடுபடும் கணம்தான் திறக்கும் கணம். பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. வரை. இடைவெளியை முதலில் வைத்துவிட்டு டைமிங்குக்குப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும். நான் மாற்றித்தான் செய்தேன், ஆகவே இரண்டு முறை செய்தேன்.

டாப்பெட் வைக்கும்போது அப்பா நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்தேன்.

"அதை உள்ள வை. விரல்தான்டா கேஜ்."

என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பேரலுக்கு அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் இரண்டு புஷ் ராடுகளும் தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ராடைப் பிடித்து உருட்டினேன். உருண்டது. மேலும் கீழும் ஆட்டினேன். துளி ஆடியது. லாக் நட்டைத் தளர்த்தி இம்மி திருப்பினேன். இப்போது ஆடவில்லை, உருளவும் இல்லை.

"கூடிப்போச்சு. கொஞ்சம் விடு."

இடைவெளி பூஜ்யம், ஆனால் விரலுக்கு ராடு தடையில்லாமல் உருள வேண்டும். அந்த இடத்தைப் பிடித்து லாக் நட்டை முறுக்கினால், முறுக்கும் வேகத்தில் அது நகர்ந்துவிடும். ஏழாவதோ எட்டாவதோ முறை அப்பா குனிந்து தானே உருட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார். சரியாக வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

முதல் உதை

உதைக்கும் உரிமையை அப்பாவுக்குக் கொடுத்தேன். சாவியைப் போட்டு, அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்தினார். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்த இடத்தில் டீகம்ப்ரசரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) இழுத்துக் கிக்கரை ஒரு மயிரிழை கீழே தள்ளினார். டீகம்ப்ரசரை விட்டார். கிக்கரை மேலே வரவிட்டு, அவசரமில்லாமல், முழு நீளத்துக்கு உதைத்தார். மூன்றாவது உதையில் பிடித்தது. பதினொரு வருடப் புகை வெளியே வந்தது. நான் சந்தோஷப்படாமல் வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். அங்கே ஆயில் கசிந்தால்தான் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். கசிந்தது. போல்ட்டை முறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். புகை என்றார்.

இருபத்தைந்தாவது நிமிடம்

அடுத்த ஐந்து வாரமும் ஒரே நோய். வண்டி நன்றாக ஓடும். இருபத்தைந்து நிமிடத்தில் இடறும், சைலன்சரில் ஒரு 'டப்', அப்புறம் நின்றுவிடும். இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல ஒரே உதையில் கிளம்பும்.

கார்ப்ரேட்டர்தான் என்று முடிவுகட்டி மூன்று முறை பிரித்தேன். பைலட் ஜெட்டை கேபிளிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் சுத்தம் செய்தேன் (இரும்புக் கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும்). ஃப்ளோட் மட்டம் பார்த்தேன். ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றிலிருந்து மறுபடி வைத்தேன். இருபத்தைந்து நிமிடம், டப்.

டேங்க் மூடியின் காற்று ஓட்டை அடைத்தாலும் இப்படித்தான் நிற்கும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினேன். பேன்ட்டில் பெட்ரோல் தெறித்ததுதான் மிச்சம். காயில் சூடாகிச் செத்துப்போகிறதோ என்று அதையும் மாற்றினேன். டப்.

கடைசியில், நின்ற இடத்திலேயே, சாயங்கால இருட்டில், பாயின்ட் கவரைத் திறந்துவிட்டு உதைத்துப் பார்த்தேன். பாயின்ட் திறக்கும்போதெல்லாம் நடுவில் தடித்த மஞ்சள் பொறி பறந்தது. அங்கே பொறி வரவே கூடாது என்பதற்காகத்தான் கண்டென்சர் இருக்கிறது. வரவேண்டிய பொறி ப்ளக்கில், அது இங்கேயே வீணாகிக்கொண்டிருந்தது.

கண்டென்சரைக் கழற்றி வீட்டில் மீட்டரில் அளந்தால் 0.21 மைக்ரோஃபாரட். குறையே இல்லை. அரை மணிநேரம் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் உறைத்தது: நான் அளப்பது ஆறிய கண்டென்சரை. மறுபடி ஹேர் டிரையரை எடுத்தேன். மீட்டரை ஓம்ஸில் வைத்து, கண்டென்சர்மேல் சூடான காற்றை விட்டேன். முதலில் மீட்டர் அசையவில்லை. தொட முடியாத சூடு வந்ததும் எண்கள் இறங்கத் தொடங்கின. உள்ளே கசிவு. டிரையரை அணைத்தால் மறுபடி ஏறியது.

"இது என் தலைக்கா, உங்க வண்டிக்கா? அதை மட்டும் சொல்லிடுங்க," என்றாள் மனைவி வாசலில் நின்று.

வேடிக்கை என்னவென்றால் அது நானே மாட்டிய புதுக் கண்டென்சர். புதிது என்பதால் சந்தேகப் பட்டியலிலேயே அது இல்லை. பழைய இரும்புச் சாமான் டப்பாவில் அப்பாவின் பழைய கண்டென்சர் கிடந்தது. சூடாக்கிப் பார்த்தேன், மீட்டர் அசையவில்லை. அதை என்ஜின் சூட்டிலிருந்து விலக்கி, டேங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் பொருத்தி, நல்ல எர்த்தும் கொடுத்தேன். காற்று படும் இடம். அதற்குப்பின் அந்த 'டப்' வரவில்லை.

ஓட்ட ஆரம்பித்த பின்

இதுவரை 3,200 கிலோமீட்டர். முதல் 500 கிலோமீட்டர் மணிக்கு ஐம்பதுக்குமேல் போகவில்லை, ஒரே வேகத்திலும் ஓட்டவில்லை. 500-ல் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தேன். இரண்டு நட்டு கால் சுற்று வாங்கின. செயின் முதலில் சீக்கிரம் தளர்ந்தது. ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிச் சத்தம் கேட்டதில் பின்சக்கரத்தில் மூன்று ஸ்போக் 'டிங்' சொல்லாமல் 'டொக்' என்றன.

கால் பழகத்தான் நாளானது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. மற்ற வண்டியையும் இடையிடையே ஓட்டுவதால், ஒருநாள் சிக்னலில் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினேன். வண்டி டாப் கியருக்குப் போய்த் தொடர்ந்து உருண்டது. முன்பிரேக்குக்கு ஷூ தேய்த்த நாட்கள் அன்று வீண்போகவில்லை.

கிளட்ச் கேபிள் அறுந்தால் ரோட்டோரத்தில் டேங்கைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே புதுக் கேபிள் ஒன்றையும் ஓட்டி, இரண்டு முனையிலும் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்ட வேண்டியதுதான். டூல் பாக்ஸில் ப்ளக், பாயின்ட், இரண்டு கண்டென்சர் (இரண்டும் ஹேர் டிரையரில் தேறியவை), பல்பு, ஒரு துண்டு எமரி பேப்பர்.

கிளட்சை மூடியிருக்கும் பிரைமரி கவர் இன்னும் கசிகிறது. அத்தனை பெரிய மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட்டு. இறுக்கினால் நிற்கும் என்று இறுக்கிக்கொண்டே போனால் மூடிதான் வளையும். ரப்பர் வளையத்தை மாற்றியதில் கசிவு பாதியானது. கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.

ஸ்பீடோமீட்டர்தான் பாக்கி. கேபிளை மாற்றினேன், கிரீஸ் போட்டேன், வளைவில்லாமல் கொண்டுபோனேன். இன்னமும் நாற்பதில் போனால் முள் முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் நடனமாடுகிறது. நேற்று மீட்டரையே கழற்றிப் பார்க்கலாம் என்று ஸ்பேனரை எடுத்தபோது அப்பா வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"அதை ஏன்டா தொடுற? புதுசா எடுத்தப்பவே அப்படித்தான் ஆடிச்சு."